ஆயில் குச்சியைப் பாருங்கள்



சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு பால்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் பால் கேன்களை வண்டியில் கட்டுவார். ஊர் ஊராகச் சுற்றுவார். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுவார். வண்டிதான் அவர் வீட்டுக்குச் சோறு போடுகிறது.

ஒரு நாள் நடுவழியில் வண்டி நின்றுவிட்டது. உதைத்துப் பார்த்தார். கிக்கர் இறங்கவில்லை. எஞ்சின் பிடித்துக்கொண்டது. அன்றைய பால் முழுவதும் வீணாயிற்று. மெக்கானிக் வந்தார். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தார். குச்சியின் நுனியில்கூட ஆயில் படவில்லை.

“போன மாதம்தானே ஒரு கடையில் ஆயில் மாற்றக் கொடுத்தேன்!” என்றார் பால்காரர்.

“மாற்றும்போது பக்கத்தில் இருந்தீர்களா, அண்ணா?”

“இல்லை. வண்டியை விட்டுவிட்டுப் போனேன். பணம் கொடுத்து எடுத்து வந்தேன்.”

“பில் வாங்கினீர்களா?”

“கேட்கவில்லை.”

கடைக்காரர் மாற்றினாரா, மாற்றவில்லையா? மாற்றிய பிறகு ஒழுகியதா? யாருக்கும் தெரியாது. ஆயிலுக்குச் சில நூறு ரூபாய்தான். எஞ்சின் வேலைக்கோ பல ஆயிரம் ரூபாய்.

இந்த ஆயில் அப்படி என்னதான் செய்கிறது? எஞ்சினுக்குள் இரும்போடு இரும்பு உராயாமல் காக்கிறது. சூட்டைக் குறைக்கிறது. கரியையும் தூளையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான் கறுப்பாகிறது. நாளாக ஆக அதன் சக்தி குறைகிறது. அப்போது மாற்ற வேண்டும்.

பழைய டிவிஎஸ் 50 வண்டியில் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றுவார்கள். அது பெட்ரோலோடு எரிந்துபோகும். அதனால் பலருக்கும் எஞ்சின் ஆயில் மாற்றும் பழக்கம் இல்லை. 2015-இல் வந்த டிவிஎஸ் எக்ஸ்எல் 100 அப்படி இல்லை. இதில் எஞ்சினுக்கென்று தனி ஆயில் உண்டு. அதை மாற்றியே ஆக வேண்டும். மோட்டார் சைக்கிளும் இப்படித்தான்.

நாமே மாற்றலாமா? கடையில் கொடுக்கலாமா? இரண்டும் சரிதான். இரண்டிலும் கவனம் வேண்டும்.

நாமே மாற்றினால் கூலி மிச்சம். என்ன ஆயில் ஊற்றினோம் என்பதும் தெரியும். வண்டியைச் சமமான தரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். லேசான சூட்டில் ஆயில் நன்றாக இறங்கும். கீழே ஒரு பழைய தட்டை வையுங்கள். அடிப் போல்ட்டைக் கழற்றுங்கள். முழுவதும் வடியட்டும். வாஷரைப் பார்த்து, தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். போல்ட்டை மிகவும் இறுக்காதீர்கள். இறுக்கினால் மரை போய்விடும். கையேட்டில் சொன்ன அளவுக்குப் புது ஆயில் ஊற்றுங்கள். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல்.

காருக்கு உரிய ஆயிலை மோட்டார் சைக்கிளில் ஊற்றாதீர்கள். மோட்டார் சைக்கிளில் கிளட்ச் தட்டும் அதே ஆயிலில்தான் நனைகிறது. ஆயில் மாறினால் கிளட்ச் வழுக்கலாம்.

கடையில் கொடுத்தால் வேறு லாபம் உண்டு. மெக்கானிக் பிரேக்கைப் பார்ப்பார், செயினைப் பார்ப்பார். நம் கண்ணுக்குத் தெரியாத குறை அவர் கண்ணுக்குத் தெரியும். புது வண்டி என்றால் இலவச சர்வீஸ் முடியும்வரை நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்துக்கே போவது நல்லது. அங்கே பதிவு இருந்தால் பின்னால் உத்தரவாதம் கேட்கும்போது சிக்கல் வராது.

பால்காரர் கதைக்கு வருவோம். அவர் மனைவி முதியோர் கல்வி வகுப்பில் படித்தவர். வண்டிக் கையேட்டை எடுத்து வந்தார். எழுத்து எல்லாம் புரியவில்லை. ஆனால் எண்கள் புரிந்தன.

“என்னங்க, இங்கே 3000 என்று போட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். அப்படியானால் 75 நாளில் 3000 ஆகிவிடுமே!”

“ஆமாம்! நான் ஆறு மாதம்கூட விட்டுவிடுவேனே!”

அன்று முதல் அந்த அம்மாள் ஒரு நோட்டு வைத்தார். மீட்டரில் 12,400 இருந்தபோது ஆயில் மாற்றினார்கள். “அடுத்தது 15,400” என்று எழுதினார். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருக்கலாம். அந்த எண்ணையே எழுதுங்கள்.

அடுத்த முறை இருவரும் கடைக்குப் போனார்கள். நான்கு காரியம் செய்தார்கள். முத்திரை உடையாத டப்பாவைக் கேட்டார்கள். டப்பாவில் உள்ள எண்ணும் கையேட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்தார்கள். பழைய ஆயில் வடியும்வரை நின்றார்கள். பில் வாங்கினார்கள். கடைப் பலகை தெலுங்கில் இருந்தது. இருந்தால் என்ன? எண் எல்லா மொழியிலும் ஒன்றுதானே! நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பில் இருந்தால் வாடிக்கையாளருக்குப் பலம். ஏமாற்றம் நேர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம்.

திருப்பதியிலிருந்து திருமலைக்கு மலைப்பாதையில் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஏற்றத்தில் சிறிய கியரில் ஏறும்போது எஞ்சின் அதிகமாகச் சூடாகும். அடிவாரத்திலேயே ஆயில் குச்சியைப் பார்த்துவிடுங்கள். குச்சியில் இரண்டு கோடுகள் இருக்கும். ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குச்சியைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேடு அதைச் சொல்லும்.

கடைசியாக ஒன்று. பழைய ஆயிலைக் கால்வாயிலோ கிணற்று ஓரத்திலோ கொட்டாதீர்கள். ஒரு முறை மாற்றிய ஆயில் பல லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் சொல்கிறது. அடுப்பு எரிக்கவும் வேண்டாம். மாட்டுப் புண்ணுக்குத் தடவவும் வேண்டாம். மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, பழைய ஆயில் வாங்கும் மெக்கானிக் கடையில் கொடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நண்பர்களே! வேலையைப் பிறரிடம் கொடுக்கலாம். பார்க்கும் பொறுப்பைக் கொடுக்க முடியாது. கற்ற எழுத்தும் எண்ணும் நம்மிடம் இருக்கின்றன. இன்று வீட்டுக்குப் போனதும் மீட்டரைப் பாருங்கள். அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள்.