கிடாரவன்: ஒரு நறுமணத்தின் பெயர்



விலையுயர்ந்த நறுமணத் தைலங்களுள் ‘ஊத்’ இன்று முன்னிற்கின்றது. 2002ஆம் ஆண்டில் ஈவ் சான் லோரான் நிறுவனம் ஊத் மணத்தை முன்னிறுத்தி ‘எம்7’ என்னும் தைலத்தை வெளியிட்டது. அதன்பின் மேலைநாட்டு நிறுவனங்கள் பலவும் அம்மணத்தை நாடலாயின. ஊத் என்னும் அரபுச் சொல்லுக்கு மரக்கட்டை என்பது பொருள். அக்கட்டை யாது? நாம் அகில் என வழங்கியதே அது. மலாய்க்காரர் அதனைக் கஹாரு என்பர்.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, கப்பல்வழி வந்த பண்டங்களை அடுக்குமிடத்து அகிலையே முதற்கண் வைக்கின்றது. அதற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என அதன் வகைகளைக் குறிக்கின்றார். கிடாரவன் என்பது கிடாரத்திலிருந்து வந்தது. கிடாரமே கடாரம், இன்றைய கெடா. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை சென்ற நாடு அது. வானம் தெளிந்த நாளில் நம் ஜார்ஜ்டவுன் கடற்கரையில் நின்றால், அந்நாட்டின் ஜெராய் மலையைக் கண்ணாரக் காணலாம்.

அகில் என்னும் சொல்லும் கடல் கடந்தது. மேலைக் கடற்கரையில் அதனைக் கேட்ட போர்த்துகீசியர் ‘ஆகிலா’ என்றனர். அவ்வொலி கழுகைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை ஒத்தமையால், ஆங்கிலத்தில் அது ‘கழுகு மரம்’ என்றே ஆயிற்று. அம்மரத்துக்கும் கழுகுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

நலமுற்ற அகில் மரத்தின் கட்டை வெளிறியது; மணமற்றது. காயம்பட்ட இடத்தில் பூஞ்சை புகும்போது, மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிசினைச் சுரக்கின்றது. பிசின் ஊறிய பகுதி கறுத்து, நீரில் அமிழும் அளவுக்குக் கனக்கவும் கூடும். காரகில் என்னும் பெயரின் பொருத்தத்தை இங்குக் காண்க. உள்ளே பிசின் உண்டோ என்பதை வெளியிலிருந்து உறுதியாக அறிதல் அரிது. ஆதலால் மணமில்லா மரங்களும் வீணே வெட்டுண்டன. மலாக்கா அகில் மரத்தின் பன்னாட்டு வாணிகம் 1995 முதல் சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது.

மரத்தைக் காக்கச் சட்டம் உண்டு; சொல்லைக் காக்க வகுப்பறையே உண்டு. அகில் என்பதற்கு ‘ஒருவகை நறுமணக் கட்டை’ என்று பொருள் எழுதி நாம் கடந்துவிடுகின்றோம். அச்சொல் வரும் நாளில் நிலப்படத்தை விரித்துக் கெடாவைச் சுட்டிக்காட்டுவோம். தாம் வாழும் மண்ணின் பொருளொன்றைத் தமிழ் பெயரிட்டு வழங்கியதை நம் மாணவர் அப்போது உணர்வர்.