கண்வில்லையின் விலை: மருத்துவர் தொழில்முனைவோராகும்போது

நோயாளியின் படுக்கையருகே கண்ட குறையொன்றைப் போக்க மருத்துவர் ஒருவர் கருவியோ மருந்தோ உருவாக்கி அதற்கென ஒரு நிறுவனம் தொடங்குவதும், பிறர் தொடங்கிய அத்தகைய நிறுவனங்களில் தம் பணத்தை முதலிடுவதும் கடந்த அரை நூற்றாண்டில் உலகின் பல பகுதிகளில் பெருகிவந்துள்ளன. இப்போக்கை மருத்துவ அறத்தின் வீழ்ச்சி என்று பழிப்போரும் உளர். மருத்துவம் முன்னேற இதுவே வழி என்று போற்றுவோரும் உளர். இரண்டுமே அவசர முடிவுகள். மருத்துவர் தொழிலில் இறங்குவது நன்மையாக முடிவதும் தீமையாக முடிவதும் அவருடைய நல்லெண்ணத்தைக் காட்டிலும், நிறுவனத்தின் உடைமை யாரிடம் இருக்கிறது, விலையை யார் வைக்கிறார், பொருளின் பயனை யார் சோதித்துச் சொல்கிறார் என்ற ஏற்பாடுகளையே பெரிதும் பொறுத்திருக்கிறது என்பது இப்பொழிவின் கருத்து. அதை ஆராய்வதற்குக் கண்புரை அறுவையில் பொருத்தப்படும் செயற்கைக் கண்வில்லையின் வரலாறு மிகவும் ஏற்றது. அவ்வரலாற்றின் முக்கியமான திருப்பங்களில் எல்லாம் ஒரு கண் மருத்துவர் இருக்கிறார், அவர்களுள் ஒவ்வொருவரும் பணத்தை நோக்கிய விதம் வேறு.

பாவைக்குப் பின்னால் இருந்து ஒளியைக் குவிக்கும் இயற்கை வில்லை முதுமையில் கலங்கிப்போவதே கண்புரை. கலங்கிய வில்லையை எடுத்துவிட்டால் ஒளி உள்ளே புகும், ஆனால் குவியாது. ஆகவே 1980கள் வரை கண் முகாம்களில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஏறத்தாழ +10 டயாப்டர் திறனுள்ள தடித்த கண்ணாடி கொடுக்கப்பட்டது. ஊரார் சோடாபுட்டிக் கண்ணாடி என்றழைத்த அது, பொருள்களைக் கால்பங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டியது. நேர்ப்பார்வை தெளிந்தது, பக்கப்பார்வை மறைந்தது. ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்துகொண்டவருக்கு இரு கண்களின் உருவங்களும் அளவில் ஒவ்வாமல் இரட்டையாகத் தெரிந்தன. படியில் கால் வைக்கும்போதும் வரப்பில் நடக்கும்போதும் தூரம் பிடிபடாமல் தடுமாறிய முதியவரின் கண்ணாடி கீழே விழுந்து உடைந்துவிட்டால், மறுகண்ணாடி வாங்க வழியில்லாத வீட்டில் அவர் மீண்டும் பார்வையற்றவராகவே ஆனார். அறுவை வெற்றி என்று முகாம் பதிவேட்டில் எழுதப்பட்டவர்களுள் இத்தகையோரும் அடங்குவர்.

இதற்கான தீர்வு அதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப்போரில் விமானத்தின் பெர்ஸ்பெக்ஸ் என்னும் ஒளிபுகும் நெகிழியாலான மூடி உடைந்து அதன் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் தங்கியபோதும் கண் அவற்றை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதை ஹரால்ட் ரிட்லி என்ற ஆங்கிலேயக் கண் மருத்துவர் கவனித்தார். 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், அதே வகைப் பொருளால் செய்த வில்லையை ஒரு நோயாளியின் கண்ணுக்குள் அவர் பொருத்தினார். வில்லையைச் செய்து கொடுத்தது ரேய்னர் என்னும் ஒளியியல் நிறுவனம். ரிட்லி அதற்குக் காப்புரிமை பெறவில்லை. விற்கும் ஒவ்வொரு வில்லைக்கும் கண்டுபிடித்தவருக்குச் சேரவேண்டிய பங்காகிய உரிமத்தொகையையும் அவர் கேட்கவில்லை. அக்கால ஆங்கிலேயக் கண் மருத்துவத்தின் தலைவர்கள் கண்ணுக்குள் அந்நியப் பொருளை வைப்பதைக் கடுமையாக எதிர்த்தனர். கருத்து ஏற்கப்படப் பல பத்தாண்டுகள் ஆயின. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் செயற்கைக் கண்வில்லைக்கு ஒப்புதல் அளித்தது 1981ஆம் ஆண்டில்தான். ரிட்லியின் பற்றின்மை வணங்கத்தக்கது. எனினும், ஆதாயம் கருதாமல் விடப்பட்ட அந்தக் கண்டுபிடிப்பு ஏழை நாடுகளைத் தானாகச் சென்றடையவில்லை என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் வில்லையைச் செம்மைப்படுத்திச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனங்கள் வைத்ததே விலையாயிற்று.

ரிட்லிக்கு நேர்மாறான வழியில் சென்றவர் நியூயார்க்கின் கண் மருத்துவர் சார்லஸ் கெல்மன். பல் மருத்துவர்கள் பற்காறையை அகற்றப் பயன்படுத்திய மீயொலி அதிர்வுக் கருவியின் தத்துவத்தைக் கொண்டே கலங்கிய வில்லையைக் கண்ணுக்குள்ளேயே நொறுக்கிச் சிறு துளை வழியே உறிஞ்சி எடுக்கலாம் என்று அவர் கண்டார். 1967இல் முதன்முறையாக மனிதக் கண்ணில் அதைச் செய்தார். பல் மருத்துவக் கருவிகள் செய்த கேவிட்ரான் நிறுவனத்துடன் சேர்ந்து கருவியை உருவாக்கினார்; காப்புரிமையும் பெறப்பட்டது. கருவி தயாரிக்க முதலும் பொறியாளர்களும் தேவைப்பட்டதால் தொழில் நிறுவனத்தின் துணை இன்றி இம்முறை மருத்துவமனைகளுக்கு வந்திருக்காது. இன்று பெருநகரக் கண் மருத்துவமனைகளில் ஃபேக்கோ என்று சுருக்கமாக வழங்குவது இதுவே.

கருவிக்குக் காப்புரிமை பெறுவது ஒன்று, அறுவை செய்யும் முறைக்கே காப்புரிமை பெறுவது மற்றொன்று. 1990களில் சாமுவேல் பாலின் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், தையல் தேவைப்படாமல் தானாக மூடிக்கொள்ளும் ஒரு வகைக் கீறலுக்குக் காப்புரிமை பெற்று, அதற்குரிய தொகையைத் தராமல் அம்முறையைக் கையாண்டதாக ஜாக் சிங்கர் என்ற சக மருத்துவர்மீது வழக்குத் தொடுத்தார். ஒரு மருத்துவர் மற்றொரு மருத்துவரின் கைத்திறனுக்கு வாடகை கேட்ட அவ்வழக்கு மருத்துவ உலகையே அதிரவைத்தது. 1996இல் வழக்கு பாலினுக்குப் பாதகமாக முடிந்தது; அதே ஆண்டு அமெரிக்கச் சட்டமும் திருத்தப்பட்டு, அறுவை முறைக்கான காப்புரிமையை மீறியதாக மருத்துவர்மீது நடவடிக்கை எடுப்பது தடுக்கப்பட்டது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஐ) பிரிவோ நோய் தீர்க்கும் முறைகளைக் கண்டுபிடிப்பாகவே கருதுவதில்லை. எல்லைக்கோடு இங்கே சரியான இடத்தில்தான் வரையப்பட்டுள்ளது: கருவி உடைமையாகலாம், கற்றுக்கொண்ட கை உடைமையாகக்கூடாது.

மருத்துவர் முதலீட்டாளராகவும் ஆகும் வழிக்குக் கண்வில்லைக்கு வெளியே, அமெரிக்க அறுவை மருத்துவர் தாமஸ் ஃபோகார்ட்டியைச் சுட்டலாம். இரத்தக்குழாயில் அடைத்த கட்டியை எடுக்கக் காலையோ கையையோ நீளமாகக் கிழித்துத் திறந்த காலத்தில், மெல்லிய குழாயின் நுனியில் அறுவைக் கையுறையின் விரல் பகுதியைத் தூண்டில் முடிச்சால் கட்டி, கட்டியைத் தாண்டிச் செலுத்தி ஊதிப் பின்னிழுக்கும் பலூன் குழாயை அவர் உருவாக்கினார். பின்னாளில் தொடக்கநிலை நிறுவனங்களில் முதலிடும் நிதி அமைப்பு ஒன்றையும், 2007இல் கலிஃபோர்னியாவில் புதுமுயற்சியாளர்களை வளர்க்கும் நிலையம் ஒன்றையும் நிறுவினார். தோற்றால் முழுவதும் போகும், வென்றால் பன்மடங்காகத் திரும்பும் என்று தெரிந்தே போடப்படும் இத்தகைய பணத்துக்குத் துணிகர முதலீடு என்று பெயர். எந்தக் கருவி அறுவை அரங்கில் நிலைக்கும், எது காட்சிப்பொருளாக முடியும் என்பதை வங்கியாளரைவிட அறுவை மருத்துவர் விரைவில் அறிவார். அந்த அறிவே அவருடைய முதலீட்டின் வலிமை. ஆயினும் துணிகர முதலீடு சில ஆண்டுகளுக்குள் பெருத்த ஆதாயத்தோடு வெளியேற வேண்டிய பணம். விலையை உயர்த்தினால்தான் ஆதாயம் என்ற நிலை வரும்போது, அந்தப் பணம் மருத்துவரின் கையிலிருந்து வந்தது என்பதால் மட்டும் அதன் இயல்பு மாறிவிடாது.

இனி மதுரைக்கு வரலாம். மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 58 வயதில், 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கடும் மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையில் கத்தியைப் பிடிக்கத் தம்மையே பழக்கிக்கொண்ட அவர், குடும்பத்தினரையே முதல் பணியாளர்களாக்கி, கோவெல் அறக்கட்டளையின்கீழ் அதை அமைத்தார். பணம் செலுத்துவோரிடமிருந்து வரும் மிச்சத்தைக் கொண்டு பணம் செலுத்த இயலாதோருக்கு அறுவை செய்வது அதன் முறை. கண்வில்லை அந்த முறையையே தடுமாறச் செய்தது. இறக்குமதி வில்லை ஒன்றுக்கு ஏறத்தாழ 100 டாலர் கொடுக்கவேண்டியிருந்த நிலையில், பணம் செலுத்துவோருக்கு வில்லையும் மற்றவருக்குச் சோடாபுட்டிக் கண்ணாடியும் என்று ஒரே கூரையின்கீழ் இரு தரங்கள் உருவாயின. ஏழை நாடுகளுக்குக் கண்வில்லை கட்டுப்படியாகாது என்ற எண்ணம் அப்போது பன்னாட்டு அமைப்புகளிலும் நிலவியது.

அதை ஏற்காமல் 1992இல் அரவிந்த் அமைப்பினர் ஆரோலேப் என்ற தயாரிப்புக் கூடத்தை மதுரையில் நிறுவினர். அமெரிக்காவைச் சேர்ந்த சமூகத் தொழில்முனைவர் டேவிட் கிரீனும் சேவா அறக்கட்டளையும் தொழில்நுட்பத்தைப் பெற உதவினர். வில்லைக்கான மூலப்பொருளின் விலை அற்பம். விலையை உயர்த்தியவை காப்புரிமையும் விநியோகச் செலவும் இடைத்தட்டு ஆதாயமும் ஆகும். தூசியற்ற அறைகளில், கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் நுண்ணோக்கியின்கீழ் ஒவ்வொரு வில்லையையும் விளிம்பு முதல் மையம் வரை சோதித்துத் தேர்ந்தனர். ஏறத்தாழ 10 டாலருக்குக் கிடைத்த அந்த வில்லையின் விலை பின்னர் இன்னும் குறைந்தது. ஐரோப்பியச் சந்தைக்குரிய சி.இ. தரச்சான்றும் பெறப்பட்டது, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஆரோலேப் பொருள்கள் செல்கின்றன. நேபாளத்தில் மருத்துவர் சந்துக் ருயித் 1990களின் நடுவில் ஃபிரெட் ஹாலோஸ் அறக்கட்டளையின் துணையோடு காட்மாண்டுவில் இதே வழியில் ஒரு வில்லைக் கூடத்தை அமைத்தார்.

தம் அமைப்பே செய்யும் வில்லையைத் தம் நோயாளிக்கே பொருத்தும் மருத்துவருக்கு முரண்நலன் இல்லையா என்று கேட்கலாம். நோயாளியின் நன்மையும் மருத்துவரின் ஆதாயமும் வெவ்வேறு திசையில் இழுக்கக்கூடிய நிலையே முரண்நலன் எனப்படும். கேள்வி நியாயமானது. மதுரை அளித்த விடை ஏற்பாடுகளில் இருக்கிறது. ஆரோலேப் அறக்கட்டளையின் உடைமை. மருத்துவர்கள் ஊதியம் பெறுபவர்கள். பொருத்தும் வில்லைக்கு இவ்வளவு என்று எவர் பைக்கும் எதுவும் போவதில்லை. பயனைப் பற்றிய சான்றும் வெறும் வாய்ச்சொல்லாக நிற்கவில்லை. இரு கண்ணிலும் புரை முற்றிய 3,400 நோயாளிகளைச் சீட்டுப்போட்டாற்போல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பழைய முறையும் கண்ணாடியும், மறு பிரிவினருக்குப் புதிய முறையும் கண்வில்லையும் அளித்து ஒப்பிட்ட மதுரைக் கண்வில்லை ஆய்வு, வெளி நிபுணர்களின் பங்கேற்போடு நடத்தப்பட்டு 1998இல் வெளியிடப்பட்டது. வில்லை பெற்றோரின் பார்வையும் அன்றாட வாழ்வும் மேம்பட்டிருந்தன என்பதை எண்களே சொன்னபின், கட்டுப்படியாகாது என்ற வாதத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

அறக்கட்டளை ஒன்றே வழி என்பதும் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தின் இயக்குநராயிருந்த இதய அறுவை மருத்துவர் எம்.எஸ்.வலியத்தான், செயற்கை இதய வால்வை அரசு நிலையத்திலேயே பொறியாளர்களைக் கொண்டு உருவாக்கினார். ஒன்றன்பின் ஒன்றாக வடிவங்கள் சோதனையில் தோற்றன. ஒன்றில் செயற்கை நீலக்கல் தகடே உடைந்தது. மனிதரிடம் செல்லாமல் சோதனைக் கூடத்திலும் செம்மறியாட்டிலும் தோற்கவிட்ட அந்தப் பொறுமையே இங்குக் கவனிக்கத்தக்கது. ஆதாயத்துக்குக் காத்திருக்கும் முதலீட்டாளர் அத்தனை ஆண்டுகளைத் தந்திருப்பாரா என்பது ஐயமே. 1990 டிசம்பரில் முதல் வால்வு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. தயாரிப்பைச் சென்னையைச் சேர்ந்த டிடிகே குழுமம் ஏற்றது.

ஏற்பாடுகள் தவறினால் நேர்வதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்தது சான்று. 1999 செப்டம்பரில், மரபணுச் சிகிச்சை ஆய்வில் பங்கேற்ற 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர் இறந்தார். அவ்வாய்வு நடந்த நிலையத்தின் தலைவரான மருத்துவர் ஜேம்ஸ் வில்சன், அத்துறையில் ஜெனோவோ என்ற நிறுவனத்தைத் தொடங்கி அதில் பங்கு வைத்திருந்தார். பல்கலைக்கழகத்துக்கும் அதில் பங்கு இருந்தது. அப்பங்குதான் அந்த மரணத்துக்குக் காரணம் என்று எவரும் நிறுவவில்லை. ஆனால் முன்னர் கண்ட பாதகமான விளைவுகள் முறையாகத் தெரிவிக்கப்படவில்லை என்று தெரியவந்தபோது, ஆய்வாளரின் ஒவ்வொரு முடிவின்மீதும் பணத்தின் நிழல் விழுந்தது. அதை விலக்கும் வழி யாரிடமும் இல்லை.

அமெரிக்கா 2010இல் இயற்றிய சட்டத்தால், மருந்து, கருவி நிறுவனங்கள் மருத்துவர்களுக்குத் தரும் பணமும், அந்நிறுவனங்களில் மருத்துவர்களுக்குள்ள பங்கும் அரசிடம் பதிவாகி மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. இந்தியாவில் அத்தகைய பதிவேடு இல்லை. இங்கு நடைமுறையிலுள்ள 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறி விதிகள், மருத்துவர் கருவிக்கும் மருந்துக்கும் காப்புரிமை பெறலாம் என்று அனுமதித்து, பெருந்திரளான மக்களின் நலன் சம்பந்தப்படும் இடத்தில் அதன் பயனைக் கிடைக்கவிடாமல் செய்வது நெறிபிறழ்வு என்றும் கூறுகின்றன. மிக உயர்ந்த விதி இது. ஆயினும் மருத்துவக் கல்லூரிகளில் அதை மாணவர் அறியச் செய்வார் அரியர்.

இன்று உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழுள்ள பைராக் அமைப்பு தொடக்கநிலைக் கருத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை நிதி தருகிறது. நிறுவனம் தொடங்கும் இளம் மருத்துவர்களும் பெருகிவருகின்றனர். அவர்கள் வரவேண்டும். நோயாளியின் அருகே நிற்பவருக்குத் தெரியும் குறை வேறெவருக்கும் தெரியாது. அவர்களிடம் கேட்டுக்கொள்ளத்தக்கவை மூன்றே. முதலீட்டாளரோடு ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே, ஏழை நோயாளிக்கும் அரசு மருத்துவமனைக்கும் என்ன விலை என்பதையும் அதில் எழுத வேண்டும். தம் பொருளைத் தம் நோயாளிக்குப் பரிந்துரைக்கும்போது தமக்குள்ள பங்கைத் தமிழில், நோயாளிக்கு விளங்கும் சொற்களில் சொல்ல வேண்டும். அப்பொருளின் பயனைச் சோதிக்கும் பணியைப் பங்கில்லாத பிறரிடம் ஒப்படைக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிகளும் மருத்துவர் சங்கங்களும் பங்குகளின் பதிவேட்டை, அரசின் சட்டத்துக்குக் காத்திராமல், தாமே இப்போது தொடங்கலாம்.