சுவர்க் கடிகாரத்தின் உள்ளே

பழைய ஆங்கிலச் சுவர்க் கடிகாரம் ஒன்றைக் காணும்போது, நம் கண் முதலில் செல்வது அதன் வெள்ளை முகப்பில் எழுதியுள்ள பெயரிடமே. அவரே அதனைச் செய்தவர் என்று கருதிவிடுகிறோம். பெரும்பாலும் அவர் அதனை விற்ற கடைக்காரர். செய்த கைகளோ, லண்டனில் கிளார்க்கன்வெல் போன்ற பகுதிகளில் பெயரின்றி உழைத்தவை. சக்கரத்திற்குப் பல் வெட்டுவோர் ஒருவர், முள் செய்வோர் மற்றொருவர், முகப்புக்கு வர்ணம் தீட்டுவோர் வேறொருவர்.

அவர்களுடைய திறமையை அறிய, மகோகனிப் பெட்டியின் உள்ளே நோக்க வேண்டும். சாவி கொடுத்தவுடன் சுருள்வில் மிக வலிமையாக இழுக்கும். நாள் செல்லச் செல்லத் தளரும். அப்படியே விட்டால் கடிகாரம் சீராக ஓடாது. இதற்காக அமைத்ததே 'ஃப்யூஸி' எனும் பித்தளைக் கூம்பு. அதன்மேல் சுழன்று செல்லும் பள்ளத்தில் குடல்நரம்புக் கயிறோ சங்கிலியோ சுற்றப்பட்டிருக்கும். நம் வீட்டுத் திருகையை நினைத்துப் பாருங்கள். கைப்பிடி நடுவை நெருங்கியிருந்தால் சுழற்றுவது கடினம். விளிம்பில் இருந்தால் எளிது. வில் வலுத்திருக்கையில் கயிறு கூம்பின் குறுகிய முனையில் இழுக்கிறது. தளர்ந்தபின் அகன்ற பகுதியில் இழுக்கிறது. முரடனும் மெலிந்தவனும் ஒரே அளவு வேலை செய்கிறார்கள்! பிற நாட்டார் விலை கருதி இதனைக் கைவிட்ட பின்னரும் ஆங்கிலேயர் நெடுங்காலம் விடவில்லை.

இக்கூம்புக்குரிய நுண்சங்கிலிகளை, 1790 முதல் கிறைஸ்ட்சர்ச் என்னும் ஊரில் பெண்களும், ஏழைகள் விடுதிச் சிறுவர்களும் செய்தனர். கண்ணுக்கு எட்டாத கண்ணிகளைக் கோத்துக் கோத்துப் பார்வை கெட்டவர் பலர். அவர்கள் பெயரும் முகப்பில் இல்லை.

1797-இல் பிரதமர் பிட், கடிகாரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 ஷில்லிங் வரி விதித்தார். மக்கள் வாங்குவதை நிறுத்தினர், தொழிலாளர் வேலையிழந்தனர், மறு ஆண்டே வரி நீங்கியது. மதுக்கடைகளில் தொங்கிய பெரிய கடிகாரங்களுக்கு 'பார்லிமெண்டுச் சட்டக் கடிகாரம்' என்ற பெயர் இவ்வரியால் வந்தது. வேடிக்கை என்னவெனில், அவை வரிக்குப் பல ஆண்டுகள் முன்பே தொங்கியவை.

மும்பையின் சோர் பஜாரில் பழங்கடிகாரங்கள் விலைக்கு வருவதைச் சிலர் கண்டிருக்கலாம். முகப்புப் பெயரை நம்பி விலை பேசாதீர்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கூம்பு உள்ளதா என்று பாருங்கள். இயந்திரத்தை எறிந்துவிட்டு பேட்டரி பொருத்திய பெட்டிகளில் சாவித் துளை மட்டும் மிஞ்சியிருக்கும். கூம்பு இருந்து கயிறு நைந்திருந்தால் கவலையில்லை, புதிது போடலாம். ஆனால் வில் முறுக்கேறியிருக்கையில் அதனை நாமே அவிழ்க்கலாகாது. வில் சீறிப் பாய்ந்தால் பற்களும் முறியும். விரலுக்கும் காயம் நேரும். பழகிய கைவினைஞரிடமே கொடுப்போம்.