வாசல் மரம் யாருக்குச் சொந்தம்?



'மரம் வளர்ப்போம்' என்று சுவரில் எழுதியிருக்கும். அதை நீங்கள் எழுத்துக் கூட்டிப் படித்திருப்பீர்கள். வளர்ந்த மரம் வீட்டுச் சுவரைத் தள்ளினால் என்ன செய்வது? அதை எந்தச் சுவரிலும் எழுதவில்லை. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சின்ன வீடு. ஒரு அம்மாவின் பெயரில் பத்திரம் இருக்கிறது. வாசலுக்கு உள்ளே ஒரு வேப்பமரம். மாமியார் காலத்து மரம். கோடையில் பாதித் தெரு அதன் நிழலில்தான் உட்காரும். மரத்தை ஒட்டிய சுவரில் விரிசல். மகனுக்குக் கல்யாணம் வருகிறது. ஒரு அறை கட்ட வேண்டும். மரம் போனால்தான் இடம் கிடைக்கும்.

பக்கத்து வீட்டுப் பெண் சொல்கிறாள்: "வெட்டாதீங்க அக்கா. இந்த மரம் போனா சயனைடு மண்ணெல்லாம் நேரா சமையல்கட்டுக்கு வந்துடும்."

அந்த அம்மா சொல்கிறார்: "நிழல் தெருவுக்கே கிடைக்குது. சுவர் செலவு மட்டும் என் தலையில விழுது."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மரத்தின் பக்கம். தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மண் மேடு மேடாக இங்கேயே நிற்கிறது. அப்படி 13 மேடுகள். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி எங்கே போகும் என்று இந்த ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காயப்போட்ட துணியும் மூடாத சோறும் சாட்சி. மரத்தின் இலைகள் தூசியைப் பிடித்துக்கொள்ளும். காற்றின் வேகத்தையும் குறைக்கும். ஆகவே ஒரு வீட்டு மரம் அந்த வீட்டுக்கு மட்டும் பயன்படுவதில்லை. நம் அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவும் இதைச் சொல்கிறது. காடு, ஏரி, ஆறு ஆகிய இயற்கை வளங்களைக் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை.

இனி வீட்டுக்காரர் பக்கம். அதே அரசியல் சட்டத்தில் 300-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சட்டத்தின் வழியில் அல்லாமல் ஒருவரின் சொத்தை யாரும் பறிக்க முடியாது என்கிறது. பாடுபட்டுச் சேர்த்த வீடு இடியக் கூடாது என்று நினைப்பது தவறே இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம். அது 1976-ஆம் ஆண்டுச் சட்டம். மரம் உங்கள் நிலத்தில் இருக்கலாம். உங்கள் கையால் நட்டதாகவும் இருக்கலாம். ஆனாலும் வெட்டுவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும். இதற்கென்று நியமிக்கப்பட்ட வன இலாகா அதிகாரி இருக்கிறார். அவருக்கு மர அதிகாரி என்று பெயர். வெட்டுவது என்றால் அடியோடு சாய்ப்பது மட்டும் இல்லை. பட்டையைச் சுற்றி உரிப்பது, வேரில் ஆசிட் ஊற்றுவது, தீ வைப்பது எல்லாமே குற்றம்தான். "ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிடலாம்" என்று மரம் வெட்டுகிறவர் சொல்லுவார். பிறகு வழக்கு வந்தால் வீட்டுக்காரரும் பதில் சொல்ல வேண்டும்.

எல்லா மரத்துக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. தென்னை, சவுக்கு, சூபாபுல், நீலகிரி என்கிற தைல மரம் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. வேறு மரமானால், பட்டியலில் இருக்கிறதா என்று வன இலாகா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில மரங்களுக்கு அனுமதியை மறுக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. பட்டுப்போன மரம், நோய் பிடித்த மரம், காற்றில் சாய்ந்த மரம், உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தான மரம், போக்குவரத்துக்கு இடைஞ்சலான மரம், இடியாலோ தீயாலோ மிகவும் சேதமான மரம். இது வீட்டுக்காரருக்கு உள்ள பாதுகாப்பு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 'அறை கட்ட வேண்டும்' என்பது இந்தப் பட்டியலில் இல்லை. 'சுவர் விழப் போகிறது' என்பது இருக்கிறது. அறைக்காகக் கேட்டால் அதிகாரி அனுமதி தரலாம், மறுக்கலாம். மறுத்தால் மேல்முறையீடு செய்ய வழி உண்டு. சுவருக்காகக் கேட்டால், ஆபத்து உண்மை என்று காட்ட வேண்டும்.

சுவர் விரிசலுக்கு வேர்தான் காரணமா? இந்த ஊரில் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். சுரங்கத்தில் ராக் பர்ஸ்ட் நடந்தபோது வீடுகள் குலுங்கியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பாத்திரங்கள் உருண்டன. சுவர்கள் வெடித்தன. ஆகவே அனுபவமுள்ள ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, அஸ்திவாரத்தின் ஓரம் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே வேர் இல்லை என்றால் மரம் குற்றவாளி இல்லை. வேர் இருந்தாலும், அனுமதி வாங்கி அந்த ஒரு வேரை மட்டும் எடுத்தால் போதுமா என்று கேளுங்கள்.

லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் வாழ்வது வேறு. நிலத்துக்கு உரிமை வேறு. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சுரங்கக் கம்பெனி நிலத்து மரத்தில் நாமாகக் கை வைக்க முடியாது. கிளை மின்கம்பியில் உரசினால் யாரும் மரத்தில் ஏற வேண்டாம். கே.இ.பி. என்று நாம் சொல்லிப் பழகிய பெஸ்காம் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

"சட்டத்தை இன்னும் கடுமையாக்கினால் மரம் பிழைக்குமே" என்று சிலர் கேட்கலாம். சந்தன மரத்தின் கதையைக் கேளுங்கள். 1792-ல் திப்பு சுல்தான் அதை அரச மரமாக அறிவித்தார். அதாவது அரசுக்குச் சொந்தமான மரம். வெள்ளைக்காரர் போன பிறகும் அந்த நிலை தொடர்ந்தது. சந்தனம் யார் நிலத்தில் முளைத்தாலும் அது அரசுடையது. காவல் காக்கும் தொல்லை மட்டும் நிலத்துக்காரருக்கு. அப்படி இருந்தால் யார் வளர்ப்பார்கள்? 2001-ல்தான் கர்நாடகம் சட்டத்தைத் திருத்தியது. நிலத்துக்காரரே மரத்துக்கும் சொந்தக்காரர் ஆனார். வெட்டவும் விற்கவும் மட்டும் விதிகள் உண்டு.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. உரிமை முழுவதையும் பறித்தால், செடி முளைக்கும்போதே மனிதன் கிள்ளி எறிவான். கட்டுப்பாடே இல்லை என்றால், ஊரில் நிழல் இருக்காது. 'வெட்டாதே' என்று மட்டும் சொல்லும் தெரு, சுவர் பூசும் செலவில் கொஞ்சம் தோள் கொடுக்க வேண்டும். நிழலைப் பங்கு போடுகிறவர்கள் சுமையையும் பங்கு போட வேண்டும். இதைச் சட்டம் சொல்லவில்லை. அக்கம்பக்கத்து நியாயம் சொல்கிறது.

கடைசியாக, மனு எழுதும் முறை. இவற்றை எழுதுங்கள்:

உங்கள் பெயர், முகவரி.
நிலம் யார் பெயரில் இருக்கிறது.
என்ன மரம், எத்தனை மரம்.
மரம் நிற்கும் இடம். அதற்கு ஒரு சிறு வரைபடம்.
ஏன் வெட்ட வேண்டும்.
முழு மரமா, கிளை மட்டுமா.
தேதி, கையெழுத்து.

அலுவலகத்தில் கன்னடம் நடப்பதால், கன்னடம் எழுதத் தெரிந்த பிள்ளைகளின் உதவியை வாங்கிக்கொள்ளுங்கள். மனுவுக்கு நகல் எடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். எத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்று அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதிகாரி நேரில் பார்க்க வரும்போது பக்கத்து வீட்டாரும் கூட இருக்கட்டும். அனுமதி கிடைத்தால், பதிலுக்கு மரம் நடும்படி அவர் சொல்லலாம். சுவரிலிருந்து தள்ளி நடுங்கள்.

கைநாட்டு வைத்த காலத்தில் யாரோ எழுதினார்கள், யாரோ படித்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கட்டைவிரலை வைத்தோம். இனி மனுவை நாமே படிக்கலாம். கையெழுத்தையும் நாமே போடலாம். இன்று வீட்டுக்குப் போனதும் இந்த மனுவை ஒரு முறை எழுதிப் பாருங்கள். வெட்டுவதற்கு மரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எழுதத் தெரிந்திருக்கட்டும்.