பளு தூக்குவது யந்திரத்தின் வேலை

(பழையசீவரத்தில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியது)

இன்று ஒரு நாற்காலியைப் பற்றிப் பேசப் போகிறேன். மந்திரி நாற்காலியல்ல, சக்கர நாற்காலி.

நம் பக்கத்துத் தோழர் ஒருவர் தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர். சென்ற மாதம் அவரை வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். நாலு பேர் சேர்ந்து நெல் மூட்டையைப் போல் அவரைத் தூக்கி உள்ளே வைத்தோம். நாற்காலி டிக்கிக்குள் போகவில்லை, விட்டுவிட்டுப் போனோம். அரை நாள் ஒரு பெஞ்சில் கிடந்தார். "என் காலை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தீர்களே, தோழா!" என்றார். அந்தச் சொல் இன்னும் என்னைச் சுடுகிறது.

அவர் மனைவி நாற்று நடப் போகிறவர். தினமும் கணவரைத் தூக்கித் தூக்கி அவருக்கும் இடுப்பு போய்விட்டது. விழுந்தவர் ஒருவர், முடங்கியவர் இருவர்.

மில் தோழர்களைக் கேட்கிறேன்: ஒரு பஞ்சு பேல் 170 கிலோ. அதை முதுகிலா மாடிக்கு ஏற்றுகிறார்கள்? செயின் பிளாக்கும் ஹாய்ஸ்ட்டும் எதற்கு இருக்கின்றன? வயல் தோழர்களே, உங்கள் பாட்டன் ஏற்றம் இறைத்த காலத்திலேயே, பளுவை உடம்பால் மட்டும் தூக்கக்கூடாது என்று தெரிந்து வைத்திருந்தான். பஞ்சுக்கும் தண்ணீருக்கும் உள்ள பொறி மனிதனுக்கு வேண்டாமா?

"பலகை போட்டு உருட்டி ஏற்றினால் போதாதா?" என்று கேட்கலாம். கணக்குப் பாருங்கள். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்வு வேண்டும் என்பது விதி. வண்டியின் தளம் இரண்டடி உயரம் என்றால் 24 அடிப் பலகை! நம் தெருவில் அதற்கு இடமேது? அதனால்தான் தூக்கும் பொறி வந்தது.

அது இரண்டு வகை. ஒன்று, காரின் டிக்கியில் பொருத்தும் சிறு ஹாய்ஸ்ட். காரின் 12 வோல்ட் பாட்டரியிலேயே ஓடும். பெல்ட்டைக் கொக்கியில் மாட்டிப் பொத்தானை அழுத்தினால் நாற்காலியைத் தூக்கும். கையைத் திருப்பி உள்ளே இறக்கலாம். சாதாரண மடக்கு நாற்காலி 15 முதல் 20 கிலோ இருக்கும். கனமான மோட்டார் நாற்காலியோ 50 கிலோவைத் தாண்டும். பொறியில்லாமல் அதைத் தூக்குவது ஆபத்து. மற்றொன்று, வேனில் பொருத்தும் மேடை லிப்ட். ஆள் நாற்காலியில் அமர்ந்தபடியே மேலே போகலாம்.

பொறி இருந்தால் மட்டும் போதாது, முறையும் வேண்டும். கொக்கியை நாற்காலியின் உறுதியான சட்டத்தில் மாட்ட வேண்டும். கழலும் கைப்பிடியிலோ கால்தாங்கியிலோ மாட்டக்கூடாது. பொறியில் எழுதிய அளவுக்கு மேல் பளு ஏற்றக்கூடாது. தொங்கும் சுமைக்கு அடியில் நிற்கக்கூடாது. நாற்காலி தூக்கும் ஹாய்ஸ்ட்டில் ஆளைத் தூக்கவே கூடாது. ஏற்றிய நாற்காலியைக் கட்டாமல் விட்டால், பிரேக் போட்டதும் பாய்ந்து வந்து ஆளை அடிக்கும். நாற்காலியில் அமர்ந்தே பயணம் செய்தால் நாற்காலிக்கு நாலு பட்டை, ஆளுக்குத் தனி பெல்ட்.

"இதெல்லாம் கார் வைத்திருக்கும் சீமான்களுக்குத்தானே?" என்றால், இல்லை! 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 41ஆம் பிரிவு என்ன சொல்கிறது? கட்டுப்படியாகும் செலவில் இவர்கள் நடமாட சர்க்கார் திட்டம் வகுக்க வேண்டும். சலுகை தர வேண்டும். வாகனங்களை மாற்றியமைக்க வழி செய்ய வேண்டும். இது பிச்சையல்ல, சட்டம்.

ஆனால் சட்டம் தானாக நடந்து வராது. மாற்றுத்திறனாளிகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பல வருஷம் வழக்காடினார்கள். அதன் பிறகே, 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தள பஸ்கள் ஓடத் தொடங்கின. அந்த பஸ் நிறுத்தத்தில் பக்கவாட்டில் தாழ்ந்து கொடுக்கும். சாய்வுப் பலகை வழியே நாற்காலி உள்ளே போகும். போராடியவர்களுக்குத்தான் பஸ் தாழ்ந்தது!

ஆற்றுக்கு அக்கரையில் திருமுக்கூடல் கோயிலைப் பாருங்கள். 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு அங்கே இருக்கிறது. 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலை. வைத்தியருக்கும் பணிப்பெண்களுக்கும் இவ்வளவு நெல் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அது கோயில் ஊழியருக்கும் அங்கே படித்த மாணவருக்கும் நடந்த சாலை. ஆயினும், நோயாளியைக் கவனிப்பது பொதுச் செலவு என்பதை அது காட்டுகிறது. இன்று நாம் அதை உழுகிறவனுக்கும் நூற்கிறவனுக்கும் சேர்த்துக் கேட்கிறோம்.

ஆகவே, தோழர்களே! ஒன்றியத்துக்கு ஒரு லிப்ட் பொருத்திய வேன் வேண்டும். ஊர் ஊராகப் போய், நடக்க முடியாதவர் யார் யார், மாதம் எத்தனை முறை ஆஸ்பத்திரி போகிறார்கள் என்று எழுதி எடுங்கள். திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் அலுவலகத்துக்கு எல்லோரும் சேர்ந்து போவோம். நம் தோழரும் வருவார். இந்த முறை அவருடைய நாற்காலியை விட்டுவிட்டுப் போக மாட்டோம்!