எல்லா உலாவியிலும் தெரியும் தமிழ்ப் பக்கம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் இணையப் பக்கம் எழுதுவது பற்றியது. 'அது பிள்ளைகளின் விடயம்' என்று வானொலிச் சத்தத்தைக் குறைத்துவிடாதீர்கள். ஒரு ஆசிரியரைப் பற்றிய நினைவுக் குறிப்பு எப்படித் தொலைந்தது, எப்படித் திரும்பக் கிடைத்தது என்ற கதைதான் இது. தொலைத்தவன் நான்.

2003ஆம் ஆண்டு எங்கள் ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர்கள் சிலர் லண்டனில் ஒன்றுகூடி ஒரு இணையத்தளம் தொடங்கினோம். "உமக்குத்தானே கொம்பியூட்டர் தெரியும்" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். பாடசாலையின் வரலாறு, பழைய படங்கள், காலமான ஆசிரியர்களைப் பற்றிய குறிப்புகள் எல்லாவற்றையும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து ஏற்றினேன். என் வீட்டுக் கணினியில், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6இல், பக்கம் மிக அழகாக இருந்தது. மேலே ஓடும் எழுத்தில் நல்வரவு. அடியில் ஒரு வரி: 'இத்தளத்தை இன்டர்நெட் எக்ஸ்புளோரரில், 800க்கு 600 என்ற திரை அளவில் பார்க்கவும்.' அந்த நாட்களில் அநேகமான தமிழ்த் தளங்களின் அடியில் இப்படி ஒரு வரி இருக்கும்.

ஒரு வாரத்தில் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி வந்தது. எங்களுக்குக் கணக்குப் படிப்பித்த ஆசிரியரின் மனைவி. "தம்பி, இவரைப் பற்றி எழுதியிருக்கிறியள் எண்டு சொல்லிச்சினம். மகன் திறந்து காட்டினான். இங்கிலீசு எழுத்தும் புள்ளியும்தான் கிடக்குது. ஒண்டும் விளங்கேல்லை."

மகனிடம் இருந்தது அப்பிள் கணினி. "எங்கடை தளத்துக்கு விண்டோஸ் வேணும் அம்மா" என்றேன். அச்சடித்துத் தபாலில் அனுப்புகிறேன் என்றும் சொன்னேன். அனுப்பவில்லை. இன்று, நாளை என்று தள்ளிப்போட்டு மறந்தே போனேன். அந்த அம்மா 2016இல் காலமானார்.

அவருடைய திரையில் ஏன் அப்படித் தெரிந்தது? பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் போட்ட தமிழ்ச் சட்டை. 'தமிழ்' என்று நாங்கள் அடிக்கும்போது கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. பாமினி எழுத்துரு இருக்கும் கணினியில் அது 'தமிழ்' ஆகத் தெரியும். இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளியாகவே தெரியும். இதற்குப் பரிகாரமாக, பக்கத்தோடு சேர்ந்து எழுத்துருவும் இறங்கும் ஒரு வழியை மைக்ரோசொஃப்ட் 1997இல் கொண்டுவந்தது. நெற்ஸ்கேப் உலாவி வேறொரு வழியைக் கொண்டுவந்தது. ஒன்று மற்றதில் வேலை செய்யாது. நான் மைக்ரோசொஃப்ட்டின் வழியை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

ஒரே பக்கத்தை இரண்டு உலாவிகள் ஏன் இரண்டு விதமாகக் காட்ட வேண்டும்? லண்டனில் 1955இல் பிறந்த ரிம் பேர்னர்ஸ் லீ, சுவிற்சர்லாந்திலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் இருந்தபோது 1989இல் வலைக்கான திட்டத்தை எழுதினார். எந்தக் கணினியில் எழுதினாலும் எந்தக் கணினியிலும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. பக்கத்தில் எது தலைப்பு, எது பந்தி, எது பட்டியல் என்று குறிப்பது எச்.ரி.எம்.எல். அவற்றின் நிறம், அளவு, இடைவெளி போன்ற அலங்காரத்தைச் சொல்வது சீ.எஸ்.எஸ். இந்த இரண்டாவதை 1994இல் முன்மொழிந்தவர் நோர்வே நாட்டவரான ஹோகுன் வியும் லீ. அதே ஆண்டில் பேர்னர்ஸ் லீ தொடங்கிய டபிள்யூ.3.சீ. என்ற அமைப்பு, 1996 டிசம்பரில் சீ.எஸ்.எஸ்.இன் முதலாவது நியமத்தை வெளியிட்டது.

ஆனால் உலாவி செய்த கம்பனிகள் நியமத்துக்குக் காத்திருக்கவில்லை. நெற்ஸ்கேப் மினுங்கும் எழுத்தைக் கொண்டுவந்தது. மைக்ரோசொஃப்ட் ஓடும் எழுத்தைக் கொண்டுவந்தது. பெட்டியின் அகலத்தைக் கணக்கிடுவதிலும் பேதம் இருந்தது. ஒரு பெட்டிக்கு 300 புள்ளி அகலம் என்றும், உள்ளே இரு பக்கமும் 20 புள்ளி இடைவெளி என்றும் எழுதுகிறீர்கள் என வைத்துக்கொள்ளுங்கள். நியமத்தின்படி மொத்த அகலம் 340. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் மொத்தமே 300. ஒரு உலாவியில் பக்கத்தில் பக்கமாக நின்ற இரண்டு பத்திகள் மற்றதில் ஒன்றின் கீழ் ஒன்றாக விழுந்தன. எக்ஸ்புளோரர் 6 நியமக் கணக்கைப் படித்துக்கொண்டது. ஆனால் பக்கத்தின் முதல் வரியில் ஆவண வகை எது என்ற அறிவிப்பு இல்லாவிட்டால் பழைய கணக்குக்கே போய்விடும். நான் அந்த வரியை எழுதவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அப்போது தெரியாது.

தமிழுக்கு வருவோம். 1995 ஒக்ரோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ்க் கவிதை வலையேறியது. 1998 தைப்பொங்கலன்று, சுவிற்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் வழிநடத்தலில் மதுரைத் திட்டம் தொடங்கியது. அவர்களும் ஆரம்பத்தில் தனி எழுத்துருக்களில்தான் தொடங்கினார்கள். ஆனால் அதோடு நின்றுவிடவில்லை. 'திஸ்கி' என்ற பொதுக் குறியீட்டுக்கும், பிறகு யூனிகோட் எனும் ஒருங்குறிக்கும் நூல்களை மாற்றினார்கள். அதனால்தான் அவற்றை இன்று கைத்தொலைபேசியிலும் வாசிக்கிறோம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் எங்கள் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஒருங்குறித் தமிழில் தேடக்கூடியதாக வைத்திருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு இது சிறிய விடயமல்ல.

நானோ என் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டேன். 2022 ஜூன் 15இல் மைக்ரோசொஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஓய்வு கொடுத்தது. அடுத்த ஆண்டு அந்த ஆசிரியரின் பேத்தி வட்ஸ்அப்பில் எனக்கு எழுதினாள். "அங்கிள், அப்பப்பாவைப் பற்றி நீங்கள் எழுதிய பக்கம் இருக்குது எண்டு அப்பா சொன்னவர். அவருடைய பெயரைத் தேடினேன். ஒண்டும் வரவில்லை." எப்படி வரும்? அவருடைய பெயர் என் பக்கத்தில் தமிழாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் இருந்தது.

பழைய இறுவட்டு ஒன்றிலிருந்து கோப்புகளை எடுத்தேன். பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடியாது. இடையிலே ஆங்கிலத்தில் எழுதிய 'லண்டன்' என்ற சொல்லையும் பாமினி என்று நினைத்து, 'டு', 'ழ' என்று தொடங்கும் அர்த்தமில்லாத ஒரு கோவையாக மாற்றிவிட்டது. ஒவ்வொரு வரியாக வாசித்துத் திருத்த வேண்டியிருந்தது. முழுத் தளத்துக்கும் மூன்று வார இறுதிகள் எடுத்தன. இருபது வருடம் தள்ளிப்போட்ட வேலை, மூன்றே மூன்று வார இறுதி.

அந்த வேலையில் நான் படித்த ஐந்து பாடங்களை, ஊர்ச் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் தமிழ்ப் பாடசாலைகளுக்கும் தளம் செய்து கொடுக்கும் இளையவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, எழுத்து. தமிழை ஒருங்குறியில் தட்டச்சுச் செய்து, யூ.ரி.எஃப்.-8 முறையில் சேமித்து, அப்படிச் சேமித்திருப்பதைப் பக்கத்தின் தலைப்பகுதியில் அறிவியுங்கள். இம்முறையில் எங்கள் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைற் எடுக்கும். அறிவிப்பு இல்லாவிட்டால் சில உலாவிகள் அந்த மூன்றையும் மூன்று மேற்கத்தைய எழுத்துகளாக வாசித்துவிடும். தலையில் கோடு போட்ட 'ஏ' எழுத்தும் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்துமாக வரிசை வரிசையாகக் கண்டிருப்பீர்கள். அது பழுதாகிப்போன தமிழ் இல்லை, அறிவிப்பு இல்லாத தமிழ்.

இரண்டாவது, ஆவண வகை. முதல் வரியில் அதை எழுதுங்கள். இன்றைய எச்.ரி.எம்.எல்.இல் அது ஒரு சிறிய வரிதான். அதை விட்டால் இன்றைய உலாவிகளும் பழைய காலத்துப் பழக்கங்களுக்குத் திரும்பிவிடும்.

மூன்றாவது, மொழி. இந்தப் பக்கம் தமிழ் என்று குறிக்க ரி, ஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் போதும். இடையில் ஆங்கிலப் பந்தி வந்தால் அதை ஆங்கிலம் என்று தனியாகக் குறியுங்கள். கண் தெரியாதவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் செயலிகள், எந்த மொழியின் குரலில் வாசிப்பது என்பதை இந்தக் குறியைப் பார்த்துத்தான் அறிகின்றன.

நான்காவது, பொருளையும் அலங்காரத்தையும் பிரித்து வையுங்கள். தலைப்பைத் தலைப்பு என்றே குறியுங்கள். பெரிய தடித்த எழுத்தில் போட்டால் மட்டும் அது தலைப்பு ஆகாது. எழுத்தைப் படமாக்கிப் போடாதீர்கள். இன்று மரண அறிவித்தல்கள் அநேகமாகப் படமாகவே பரிமாறப்படுகின்றன. படத்துக்குள் இருக்கும் பெயரை நம்பித் தேட முடியாது, குரல் செயலிக்கும் அது வெறும் படம். பாமினியில் நான் விட்ட பிழையை நாங்கள் படத்தில் திரும்ப விடுகிறோம். படம் போடுங்கள், அதோடு சேர்த்து எழுத்திலும் போடுங்கள்.

ஐந்தாவது, அலங்காரம். ஆங்கிலப் பக்கத்துக்கு எழுதிய சீ.எஸ்.எஸ். தமிழுக்கு அப்படியே பொருந்தாது. எங்கள் எழுத்துக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் வரும். பெட்டிக்கு உயரத்தை இறுக்கி எழுதினால் 'கீ'யின் தலையோ 'கூ'வின் அடியோ வெட்டுப்படும். உயரத்தை எழுத்துக்கு ஏற்ப விரிய விடுங்கள். வரிகளுக்கு இடையில் தாராளமாக இடம் விடுங்கள். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும் கட்டளையைத் தமிழுக்குத் தவிருங்கள். 'கொ' என்பது வாசிப்பவருக்கு ஒரே எழுத்து. இரு ஓரமும் நேராக வரும்படி பந்தியை இழுத்தால், 2008இல் மூன்றாம் பதிப்பு வரும்வரை ஃபயர்பொக்ஸ் எங்கள் கொம்பையும் அரவையும் உதிர்த்துப் போட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பிழை தீர்ந்துவிட்டது. ஆனால் நீளமான தமிழ்ச் சொற்களைக் கைத்தொலைபேசியின் ஒடுங்கிய திரையில் அப்படி இழுத்தால் இன்றும் பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்க ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும். எழுத்துருவுக்கு ஒன்றை மட்டும் எழுதாமல் ஒரு வரிசையாக எழுதுங்கள். விண்டோஸில் நிர்மலா, அன்ட்ரொயிட்டில் நோட்டோ, ஐபோனில் தமிழ் சங்கம் என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொன்று இருக்கிறது. ஒன்று இல்லாவிட்டால் மற்றது கைகொடுக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு பரிசோதிக்க வேண்டும். டபிள்யூ.3.சீ. நடத்தும் சரிபார்ப்புச் சேவையில் பக்கத்தைக் கொடுத்தால் எந்த வரியில் பிழை என்று காசில்லாமல் சொல்லும். பிறகு குறோமில் பாருங்கள், ஃபயர்பொக்ஸில் பாருங்கள், ஒரு ஐபோனில் சஃபாரியில் பாருங்கள். 'குறோமில் வடிவாக இருக்குது, போதும்' என்று இன்று சொல்லும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. நானும் 2003இல் அதைத்தான் சொன்னேன், உலாவியின் பெயர் மட்டும்தான் வேறு.

2012 ஜூலையில் ஸ்ராற்ஃபோர்ட்டில் ஒலிம்பிக் தொடக்க விழா நடந்தது. ஈஸ்ட்ஹாமிலும் இல்ஃபோர்ட்டிலும் இருப்பவர்களுக்கு அந்த அரங்கம் கூப்பிடு தூரம். அங்கே ரிம் பேர்னர்ஸ் லீ ஒரு கணினிக்கு முன்னால் இருந்து ஒரு வரி அனுப்பினார். 'இது எல்லோருக்கும் உரியது' என்பது அதன் கருத்து. அரங்கம் முழுவதும் அது ஒளிர்ந்தது. அதை நான் தொலைக்காட்சியில் பார்த்துக் கை தட்டினேன். அப்போதும் என் பக்கம் விண்டோஸ் வைத்திருப்பவருக்கு மட்டும்தான் உரியதாக இருந்தது.

எங்களுடைய ஆட்கள் ஒரு நாட்டில் இல்லை. ஒரு வீட்டுக்குள்ளேயே அண்ணன் பாரிஸில், தங்கை சிட்னியில், தாய் ஊரில். யார் எந்தக் கருவியில் திறப்பார்கள் என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. தெரியாதவருக்காக எழுதுவதற்குத்தான் நியமம் இருக்கிறது. உங்கள் சங்கத்தின் பழைய பக்கங்கள், விழா மலர்க் கோப்புகள், இறுவட்டுகள் எங்கேயாவது பாமினியில் கிடந்தால், அவற்றை அடித்தவர்கள் இருக்கும்போதே எடுத்து மாற்றுங்கள். சந்தேகமான சொல்லை அவர்களிடம் கேட்கலாம். பிறகு கேட்க ஆள் இருக்காது.

போன வருடம் தைப்பொங்கலன்று அந்தப் பேத்தியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அப்பப்பாவின் பெயரைத் தமிழில் தேடியிருக்கிறாள். முதலாவதாகவே வந்ததாம். தட்டுத் தடுமாறி, எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசித்தாளாம். "அப்பம்மாவுக்கும் வாசித்துக் காட்டியிருக்கலாம்" என்று கடைசியில் எழுதியிருந்தாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.