வீட்டுப் பட்டறையில் டிரம் சாண்டர்

டிரம் சாண்டர் பலகையின் முகத்தை ஒரே கனத்துக்குத் தேய்த்து மட்டமாக்கும் இயந்திரம். இழைப்புளி மரத்தைச் சீவுகிறது. டிரம் சாண்டர் தேய்க்கிறது. அதன் நடுவே ஓர் உலோக உருளை இருக்கும். காயத்துக்குக் கட்டுப்போடுவதுபோல அந்த உருளைமேல் உப்புத்தாள் பட்டையைச் சாய்வாகச் சுற்றி, இரு முனைகளையும் கிளிப்பில் மாட்டியிருப்பார்கள். உருளைக்குக் கீழே மெல்ல நகரும் கன்வேயர் பெல்ட் பலகையைச் சுமந்து செல்லும். உருளைக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு அழுத்து உருளைகள், பலகை எழும்பாமல் பிடித்துக்கொள்ளும்.

வீட்டு மின்சாரத்தில் ஓடும் சாதாரண மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,440 முறை சுழல்கிறது. ஐந்து அங்குல விட்டமுள்ள உருளையை அது நேராகச் சுழற்றினால், உப்புத்தாள் நொடிக்கு ஒன்பதரை மீட்டர் வேகத்தில் மரத்தை உரசும். கன்வேயரோ நிமிடத்துக்கு மூன்று மீட்டர்கூடப் போகாது. மேலே இவ்வளவு வேகம், கீழே இவ்வளவு நிதானம். இந்த இரண்டுக்கும் இடையில்தான் ஆபத்துகள் பிறக்கின்றன.

அவை இரண்டு வகை. விரல் சிக்குவது, பலகை திருப்பி எறியப்படுவது, மின்சாரம் தாக்குவது ஆகியவை கண்முன்னே நடப்பவை. மற்றொன்று உடனே தெரியாதது, வருடக்கணக்கில் மூச்சோடு உள்ளே போவது. அது மரத்தூசி.

தூசி என்ன செய்யும் என்பதைக் கோலார் தங்கவயலுக்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே காலூன்றியது முதல் 2001-இல் சுரங்கங்கள் மூடப்படும் வரை, தங்கம் படிந்த குவார்ட்ஸ் ரீஃபைத் துளைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். துளைக்கும்போது எழுந்த சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயைத் தந்தது. நோயாளிகளுக்கு நஷ்டஈடு தர மைசூர் அரசு 1940-இல் தனி விதிகளே வகுத்தது. அந்தப் பத்தாண்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரை மருத்துவர்கள் பரிசோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோயின் அறிகுறி இருந்தது.

மரத்தூசி சிலிக்கா அல்ல. அது தரும் நோயும் வேறு. ஆனால் உடலுக்குள் போகும் வழி ஒன்றே. இங்கிலாந்தில் நாற்காலி, மேசை செய்வதற்குப் பெயர்பெற்ற ஹை விக்கம் ஊரில், 1960-களில் எஸ்மே ஹாட்ஃபீல்ட் என்ற காது-மூக்கு-தொண்டை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மூக்கினுள்ளும் அதை ஒட்டிய எலும்புக் குழிகளிலும் வரும் அரிய புற்றுநோய், மரவேலை செய்பவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டது. பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. 1995-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக நிரூபணமான பொருள்களின் முதல் பிரிவில் மரத்தூசியைச் சேர்த்தது. ஆஸ்துமா, மூக்கடைப்பு, தோல் அரிப்பு ஆகியவை அந்தப் புற்றுநோயைவிடப் பரவலானவை. தேக்கும் ஈட்டியும் அழகான மரங்கள். அவற்றின் தூசி பலருக்குத் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். டிரம் சாண்டரின் தூசி ரம்பத்தூளைப்போலக் காலடியில் விழுந்து கிடப்பதில்லை. அதில் மிக நுண்ணிய பகுதி கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும்.

சுரங்கத்தில் தூசியை அடக்கியதற்கு ஒரு வரிசை உண்டு. துளையிடும் இடத்திலேயே தண்ணீரைப் பாய்ச்சித் தூசியை எழவிடாமல் செய்வது முதல் வேலை. மிஞ்சியதைக் காற்றோட்டத்தால் வெளியேற்றுவது இரண்டாவது. முகமூடி கடைசி. வீட்டுப் பட்டறைக்கும் இதே வரிசைதான். மின்சார இயந்திரத்தில் தண்ணீருக்கு இடமில்லை. அந்த இடத்தில் தூசி உறிஞ்சி நிற்கிறது.

உருளையை மூடியிருக்கும் கவசத்தில் நான்கு அங்குலக் குழாய் மாட்டும் வாய் இருக்கும். அதில் தூசி உறிஞ்சியை இணைக்காமல் இயந்திரத்தை ஓட்டவே கூடாது. வீடு பெருக்கும் வாக்குவம் கிளீனர் இதற்குப் போதாது. மரவேலைக்கென்று விற்கும், நிமிடத்துக்கு 17 கனமீட்டர் அளவுக்குக் காற்றை இழுக்கக்கூடிய உறிஞ்சி வேண்டும். குழாய் நீளம் குறைவாகவும் வளைவுகள் குறைவாகவும் இருந்தால் இழுப்பு குறையாது. உறிஞ்சியின் துணிப்பை சாதாரணத் துணியாக இருந்தால், பெரிய தூளைப் பிடித்துக்கொண்டு நுண்தூசியை மறுபடி அறைக்குள்ளேயே ஊதிவிடும். அதனால் நுண்வடிகட்டி உள்ள உறிஞ்சியை வாங்க வேண்டும், அல்லது உறிஞ்சியையே அறைக்கு வெளியே வைக்க வேண்டும்.

வெளியே வைக்கும்போது பக்கத்து வீட்டையும் நினைக்க வேண்டும். தங்கவயலின் சாம்பியன் ரீஃபிலும் மாரிகுப்பத்திலும் உள்ள பழைய தொழிலாளர் லைன் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. காற்றுக் காலத்தில், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளிலிருந்து பறக்கும் மண்ணை ஏற்கெனவே சுவாசிக்கும் தெருவில், இன்னொரு தூசிக்கு வழிசெய்வது நியாயமல்ல. பட்டறை வீட்டின் படுக்கை அறையோடும் சமையலறையோடும் காற்றைப் பகிராமல், கதவு சாத்தக்கூடியதாக இருப்பது நல்லது. ஜன்னலில் வெளியேற்று விசிறி ஒன்று போதும். அது அடுத்தவர் முற்றத்தைப் பார்த்து இருக்கக் கூடாது.

இவற்றுக்குப் பிறகே முகமூடி. முகத்தில் கட்டும் துண்டும் சர்ஜிகல் மாஸ்கும் நுண்தூசியைத் தடுக்கா. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 9473 முத்திரையோடு வரும் எஃப்.எஃப்.பி.2 வகை முகமூடி மூக்கைச் சுற்றி இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். அடர்ந்த தாடி இருந்தால் அது பொருந்தாது. இயந்திரம் நின்ற பிறகும் தூசி மிதந்துகொண்டிருப்பதால், பெருக்கித் துடைத்து முடியும்வரை அதைக் கழற்றக் கூடாது.

அடுத்தது மின்சாரம். சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் எடுத்த மின்சாரம் 1902-இல் முதன்முதலாக வந்து சேர்ந்தது தங்கவயலுக்குத்தான். ஆனாலும் இன்று வீட்டுப் பட்டறையில் எதிர்பார்த்தாக வேண்டிய ஒன்று, நடுவில் கரண்ட் போய்த் திரும்புவது. சாதாரண ஸ்விட்சில் ஓடும் இயந்திரம், கரண்ட் திரும்பிய நொடியில் தானாகவே ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் கை உருளைக்கருகே இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் கரண்ட் போனால் தானே துண்டித்துக்கொண்டு, பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால் மட்டுமே ஓடும் ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத இயந்திரத்தில், கரண்ட் போன உடனே ஸ்விட்சை அணைத்து பிளக்கையும் உருவிவிட வேண்டும்.

இரண்டு குதிரைத்திறன் மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பலமடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் மூன்று துளை சாக்கெட், உண்மையிலேயே மண்ணோடு இணைந்த எர்த், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் தேவை. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் சூடேறி உருகும். தூசி உறிஞ்சியையும் சாண்டரையும் ஒரே சாக்கெட்டில் மாட்டக் கூடாது.

இயந்திரத்தைத் தயார்செய்யும் வேலை எதுவும் பிளக்கை உருவிய பிறகே தொடங்க வேண்டும். உப்புத்தாளில் கிழிசல் இருக்கிறதா, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றனவா, இரு முனைக் கிளிப்புகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று உருளையைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். புதிய தாள் சிறிது நேரம் ஓடியதும் நீண்டு தளரும்; அப்போது நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். தளர்ந்த தாள் கிழிந்தால் கவசத்துக்குள் விசிறியடித்து மோட்டாரை நிறுத்திவிடும். கன்வேயர் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடினால் அதையும் வேலைக்கு முன்பே சரிசெய்ய வேண்டும்.

மரத்தைத் தேர்வதிலும் கவனம் தேவை. பழைய கட்டடங்களைப் பிரிக்கும்போது கிடைக்கும் தேக்கு நிலைகளும் உத்தரங்களும் வீட்டுப் பட்டறைக்கு விருப்பமான மரம். அவற்றில் முறிந்த ஆணிகள் உள்ளே புதைந்திருக்கும். ஆணி உருளையில் பட்டால் தாள் கிழிவதோடு, பறக்கும் தீப்பொறி நேராகத் தூசிப்பைக்குள் போகும். காந்தத்தையோ ஆணி காட்டும் கருவியையோ பலகை முழுதும் நகர்த்திப் பார்த்த பிறகே அதை உள்ளே விட வேண்டும். பழைய பெயின்ட் இருந்தால் அந்தப் பலகை டிரம் சாண்டருக்கு ஏற்றதல்ல. வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவை மில்லியனில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017-இல்தான். அதற்கு முந்தைய பெயின்டைத் தேய்த்தால் ஈயத்தூசி வீடெங்கும் பரவும். அதனால் முதலில் பாதிக்கப்படுவது குழந்தைகளின் மூளை. காயாத பசையும், பிசின் வடியும் பைன் மரமும் தாளை அடைத்துக் கருகவைக்கும்.

நீளமும் முக்கியம். இரண்டு அழுத்து உருளைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைவிடப் பலகை குட்டையாக இருந்தால், ஒன்றின் பிடி விட்டு மற்றதன் பிடி கிடைப்பதற்குள் அது தூக்கிக்கொள்ளும். உருளையின் அடிப்பக்கம் கன்வேயருக்கு எதிர்த்திசையில் சுழல்வதால், பிடி இழந்த துண்டு நிற்பவரை நோக்கியே பறந்து வரும். இயந்திரத்தின் கையேடு சொல்லும் குறைந்தபட்ச நீளத்தை மீறக் கூடாது. மிக மெல்லிய பலகையை மட்டமான வேறொரு பலகைமேல் வைத்து அனுப்ப வேண்டும். பலகையைக் குத்துவாட்டில் நிறுத்தி அனுப்பினால் கவிழும்.

உடையில் தொங்குவது எதுவும் இருக்கக் கூடாது. லுங்கி, தோளில் துண்டு, புடவை முந்தானை, துப்பட்டா ஆகியவை பட்டறைக்கு ஆகா. மணிக்கட்டுக் கயிறு, மோதிரம், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றியோ உடைக்குள் செருகியோ வைக்க வேண்டும். நீண்ட கூந்தலைக் கொண்டைபோட்டுத் துணியால் மூட வேண்டும். கையுறை பாதுகாப்பு என்று தோன்றும். இங்கே அது ஆபத்து, ஏனெனில் கன்வேயர் அதைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான், காலுக்கு மூடிய செருப்பு வேண்டும்.

ஓட்டும் முறைக்கும் வரிசை உண்டு. இயந்திரம் நிற்கும்போதே பலகையின் மிகத் தடித்த இடத்தை உருளைக்குக் கீழே வைத்து, உருளை மரத்தைத் தொட்டும் தொடாமலும் கையால் சுழலும் அளவுக்கு உயரத்தை அமைக்க வேண்டும். பலகையை வெளியே எடுத்த பிறகு தூசி உறிஞ்சி, உருளை, கன்வேயர் என்ற வரிசையில் ஓடவிட வேண்டும். கன்வேயர் பலகையைப் பற்றியதும் கையை எடுத்துவிட வேண்டும். பலகைக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தாங்கினால், பலகைக்கும் மேசைக்கும் நடுவில் விரல் நசுங்கும். மெதுவாக ஓடும் பெல்ட் என்ற அலட்சியத்தில் விரலை இழப்பது இங்கேதான்.

நிற்க வேண்டிய இடம் பலகையின் நேர்க்கோட்டுக்குப் பக்கவாட்டில். நேர் எதிரே நின்று குனிந்து உள்ளே பார்க்கக் கூடாது. நீளமான பலகைக்கு வெளிவரும் பக்கத்தில் உருளைத் தாங்கி வைக்க வேண்டும், அல்லது இன்னொருவர் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் பலகையைப் பிடித்து இழுக்கக் கூடாது.

ஒரு தடவைக்கு எவ்வளவு தேய்ப்பது என்பதில் பேராசை கூடாது. 80-ஆம் எண் தாளில் கால் மில்லிமீட்டர், 150-இல் அதில் பாதிக்கும் கீழே என்பது நல்ல கணக்கு. அதிகம் இறக்கினால் மோட்டார் திணறும், மரம் கருகும், பலகை வழுக்கிப் பின்வாங்கும். 80, 120, 150, 180 என்று தாளின் எண்ணைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். ஒரு கோடு அழியாமல் நின்றால் ஆழத்தைக் கூட்டாமல் அதே அளவில் இன்னொரு தடவை அனுப்ப வேண்டும்.

பலகை சிக்கிக்கொண்டால் சிவப்புப் பொத்தானை அழுத்தி, உருளை முற்றிலும் நிற்கும்வரை பொறுத்து, பிளக்கை உருவி, உருளையை உயர்த்திய பிறகே அதை எடுக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்த பிறகும் உருளை சில நொடிகள் சுழலும். அந்த நொடிகளில் கவசத்தைத் திறக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் தூசி உறிஞ்சியை மேலும் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும். விளக்குமாற்றால் பெருக்கினால் படிந்த தூசி மறுபடி எழும். கம்ப்ரஸர் காற்றால் ஊதினால் அதைவிட மோசம். நுண்வடிகட்டி உள்ள வாக்குவத்தாலோ ஈரத் துணியாலோ துடைப்பதே முறை. தூசிப்பையை அன்றன்றே காலிசெய்ய வேண்டும். குவிந்த நுண்தூசிக்குள் ஒரு பொறி இருந்தால், ஆள் போன பிறகு இரவில் கனன்று எரியும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். அதைத் தனியே விரித்துக் காயவைக்க வேண்டும். மணல் வாளியும் தீயணைப்பானும் வாசலருகே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

வேலை உடையை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் பட்டறையிலேயே மாற்றுவது குழந்தைகளின் நுரையீரலைக் காக்கும். ஸ்விட்சின் சாவியைக் கழற்றி எடுத்துப்போவது அவர்கள் கைகளைக் காக்கும். மூக்கில் ஒரே பக்கம் நீங்காத அடைப்பு, திரும்பத் திரும்ப ரத்தம், வேலை நாளில் கூடி ஓய்வு நாளில் குறையும் இருமல் அல்லது இளைப்பு இருந்தால், மருத்துவரிடம் போய், மரவேலை செய்வதையும் எந்த மரம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் நோயின் காரணம் பிடிபடாமல் போகலாம்.